கதவைச் சீவ வேண்டாம், பிணைச்சலைப் பாருங்கள்



பதிவு நீளமானது. லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இப்போதே போகலாம், கோபமில்லை. ஆனால் கதவு நிதிக்குக் காசு கொடுத்தவர்களும் கொடுக்கப் போகிறவர்களும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

நமது பாடசாலையில் பெண்பிள்ளைகளின் மலசலகூடக் கதவுகள் ஒழுங்காகப் பூட்டுப்படுவதில்லை. இது ஊருக்கே தெரிந்த விடயம். இரண்டு கிழமையாக வட்ஸ்அப் குழுக்களில் ஒரு போஸ்டர் ஓடுகிறது. 6 கதவுகளையும் நிலையோடு பெயர்த்தெடுத்துவிட்டு பிளாஸ்டிக் கதவு போடப் போகிறார்களாம். ஒரு கதவுக்கு ஒரு தனவந்தர். ஒவ்வொரு கதவிலும் அவருடைய மர்ஹூம் வாப்பாவின் பெயரோ உம்மாவின் பெயரோ பொறித்த தகடு. மலசலகூடக் கதவில் வாப்பாவின் பெயரைத் தொங்கவிடுவது எப்படியிருக்கும் என்று போஸ்டர் செய்தவர் யோசிக்கவில்லை. அதை அந்தந்தக் குடும்பங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 6 கதவுகளில் 5 க்குப் புதுக் கதவு தேவையில்லை. 6 நிலைகளில் ஒன்றையும் தொடத் தேவையில்லை. தேவைப்படுவது நல்ல ஸ்குரூ ஆணி, சில துண்டு மரம், கொஞ்சம் கம், ஒரு சனிக்கிழமை. இந்த நிதிச் சேர்ப்பு பிழை. பிழையான இடத்தில் பிழையான வேலைக்குக் காசு கேட்கிறார்கள்.

கடந்த வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு ஒரு வெண்கட்டித் துண்டும் அடிமட்டமும் எடுத்துக்கொண்டு 6 கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு இது பெரிய வேலையில்லை. 10 ஆம் தரத்தில் விசையின் திரும்பல் விளைவு என்று ஒரு பாடம் இருக்கிறது. அதற்கு நாங்கள் கொடுக்கிற முதல் உதாரணமே கதவுதான். பிணைச்சலுக்குக் கிட்டத் தள்ளினால் கஷ்டம், கைபிடியில் தள்ளினால் இலகு. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். கணக்கும் செய்வார்கள். மணியடித்ததும் அந்தப் பிள்ளைகளே போய் ஒரு காலால் கதவை அமர்த்திப் பிடித்துக்கொண்டு ஒதுங்க வேண்டியிருக்கிறது.

அதே கணக்கை அந்தக் கதவிலேயே செய்து பார்ப்போம். இரண்டரை அடி அகலமான பலகைக் கதவு. திணிவு 25 கிலோகிராம் என்று வைப்போம். நிறை 250 நியூட்டன். அந்த நிறை கதவின் நடுவில், அதாவது பிணைச்சலிலிருந்து ஏறத்தாழ 0.375 மீற்றர் தள்ளித் தாக்குகிறது. மேல் பிணைச்சலுக்கும் கீழ்ப் பிணைச்சலுக்கும் இடையில் 1.5 மீற்றர். திருப்பத்தைக் கணக்கிட்டு 1.5 ஆல் பிரித்தால் வருவது 62.5 நியூட்டன். என்ன அர்த்தம்? கதவு சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்போதே, இரவும் பகலும், 6 கிலோ அளவு விசை மேல் பிணைச்சலை நிலையிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டிருக்கிறது. கீழ்ப் பிணைச்சலுக்கு அந்தக் கவலையில்லை, அதை அதே விசை உள்ளே அமுக்குகிறது. இனி 30 கிலோ உள்ள ஒரு பிள்ளை கைபிடியைப் பிடித்துத் தொங்கி ஆடினால் இன்னும் 140 நியூட்டன் சேரும். பிள்ளைகள் ஆடத்தான் செய்வார்கள், நாமும் ஆடினோம். மொத்தம் 20 கிலோவைத் தாண்டுகிறது.

அதனால்தான் எந்த வீட்டில் எந்தக் கதவு சரிந்தாலும் முதலில் கழன்று கொடுப்பது மேல் பிணைச்சல். அது அரை அங்குலத்தில் பாதி வெளியே வந்தாலே போதும், கதவின் பூட்டுப் பக்க மேல் மூலை போய் நிலையில் உரசும், பூட்டுப் பக்கக் கீழ் மூலை நிலத்தில் இழுபடும். கொண்டி தன் ஓட்டையைக் காணாமல் அதற்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர் கண்ணுக்குக் கதவு ஊதிப்போன மாதிரித்தான் தெரியும். ஆனால் கதவு ஊதவில்லை, சரிந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க பாஸ் தேவையில்லை. கதவைப் பாதி திறந்து, கைபிடிப் பக்கத்தைக் கீழேயிருந்து இரண்டு கையாலும் மெல்லத் தூக்குங்கள். கண் மேல் பிணைச்சலில் இருக்கட்டும். தகடு அசைந்தால் வியாதி அங்கேதான். 1 ஆம், 2 ஆம், 4 ஆம் கதவுகளில் தகடு அசைகிறது. ஒன்றில் நிலைப் பக்கத் தகட்டின் 4 ஓட்டைகளில் 2 இல்தான் ஸ்குரூ இருக்கிறது, அதில் ஒன்றை நான் விரலாலேயே கழற்றி எடுத்தேன். துருப்பிடித்து ஈர்க்கு மாதிரி மெலிந்துபோயிருந்தது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பாடசாலை. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு ஸ்குரூ வேறு எப்படி இருக்கும்?

இனிமேல்தான் என் கோபம் ஆரம்பிக்கிறது.

கடந்த மாரியில் இதே கதவுகள் இறுகுகின்றன என்று முறைப்பாடு வந்தபோது ஒருவரைக் கூட்டி வந்தார்கள். யார் கூட்டி வந்தது, யார் வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவர் வந்தார், பிணைச்சலைத் தொட்டும் பார்க்கவில்லை, சீவுளியை எடுத்து 4 கதவுகளின் ஓரங்களைச் சீவினார், காசை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குக் கதவுகள் பூட்டுப்பட்டன. எல்லாருக்கும் சந்தோசம்.

மரம் என்ன செய்யும் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் யாரும் மாரியில் சீவுளியை எடுக்க மாட்டார்கள். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில் ஊதும், நீளத்தில் ஏறக்குறைய ஊதவே ஊதாது. மரத்துக்கு மரம் மாறினாலும், ஈரப்பதம் 4 வீதம் கூடினால் பலகையின் அகலம் ஏறத்தாழ 1 வீதம் கூடும் என்பது தச்சு வேலையில் பொதுவான ஒரு கணக்கு. நமது மலசலகூடக் கதவு பலகை பலகையாக நெட்டுக்கு அடுக்கி, பின்னால் குறுக்குச் சட்டம் அடித்த கதவு. 30 அங்குல அகலமும் அகலப்பாட்டு மரம்தான். பலகைகளுக்கு நடுவில் இடைவெளி விடாமல் அடித்திருந்தால் 7, 8 மில்லிமீற்றர் வரை கூடலாம். வகுப்பறைக் கதவு அப்படியில்லை. அது சட்டமும் தில்லாவும் கொண்ட கதவு, நடுப்பலகை காடிக்குள் சும்மா நிற்கிறது, ஊதினாலும் காடிக்குள்ளேயே ஊதிக்கொள்ளும். வெளியே கூடுவது இரண்டு பக்க நெட்டுச் சட்டங்களின் அகலம் மட்டும், 2 மில்லிமீற்றருக்குக் கிட்ட. அதனால்தான் மாரியில் வகுப்பறைக் கதவு பூட்டுப்படுகிறது, மலசலகூடக் கதவு இறுகுகிறது. வாழைச்சேனை ஆனாலும் பொத்துவில் ஆனாலும் நவம்பர், டிசம்பரில் இதுதான் கதை.

மாரியில் ஊதியது கோடையில் வற்றும். ஊதியிருக்கும்போது சீவியதை யார் திருப்பி ஒட்டுவது? இப்போது வெயில் தொடங்கிவிட்டது. 1 ஆம் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பூட்டுப் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். 14 மில்லிமீற்றர். ஒரு கதவைச் சுற்றி இருக்க வேண்டிய இடைவெளி 2 அல்லது 3 மில்லிமீற்றர். 14 மில்லிமீற்றர் என்றால் பெருவிரல் நுழையும். வெளியே நிற்கிறவர் கண்ணை வைத்தால் உள்ளே தெரியும். கொண்டியோ நிலையைத் தொடவேயில்லை. பிள்ளைகள் ஒரு கயிற்றுத் துண்டு கட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கயிற்றை நீங்கள் எல்லாரும் ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும்.

பாடசாலை 7.30 க்குத் தொடங்கி 1.30 க்கு முடிகிறது. வீட்டிலிருந்து வெளிக்கிடுவதையும் திரும்பிப் போவதையும் சேர்த்தால் 7 மணித்தியாலம். என் வகுப்பில் தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் தாகமில்லை மிஸ் என்பார்கள். இந்த வெயிலில் தாகமில்லையாம். குடித்தால் போக வேண்டும், போனால் கதவு இல்லை. அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வருகிற வாய்ப்புக் கூடும் என்று சுகாதாரப் பாடத்தில் நாங்களே படிப்பிக்கிறோம். மாதத்தில் சில நாட்கள் சில பிள்ளைகள் வருவதேயில்லை. வரவுப் பதிவில் நான் போடுகிற பூச்சியம் யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை. உம்மாமார் மறுநாள் கடிதம் கொடுத்து விடுவார்கள், வயிற்று வலி என்று. எந்த உம்மாவும் கதவு என்று எழுதுவதில்லை.

நம் ஊரில் பெண்பிள்ளைகளின் உடுப்பைப் பற்றிக் கதைக்காத திண்ணை உண்டா? சோல் எத்தனை அங்குலம், கை எதுவரை, சீருடை எவ்வளவு தளர்வு. போன வருடம் இதற்கென்றே ஒரு கூட்டம், இஷா முடிந்து பத்தரை மணி வரை. பேசியவர்கள் எல்லாரும் மார்க்கம் தெரிந்தவர்கள். நான் அதில் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அத்தனை அங்குலங்களையும் அளந்தவர்களில் ஒருவர்கூட இந்த 14 மில்லிமீற்றரை அளக்கவில்லை. ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்பது சூரா அந்நூரில் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே எந்த எந்த நேரத்தில் பிள்ளைகள்கூடக் கேட்டுத்தான் அறைக்குள் வர வேண்டும் என்பதும் அதே சூராவில் இருக்கிறது. மறைவுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மார்க்கத்தைப் பின்பற்றுகிற ஊரில் பெண்பிள்ளைக்குக் கயிறு.

சரி, அதற்காகத்தானே டீச்சர் புதுக் கதவு போடப் போகிறோம் என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டார்கள், மகளிர் குழுவில் ஒரு ராத்தா. நியாயமான கேள்வி, பதில் சொல்கிறேன்.

போடப் போகிற பிளாஸ்டிக் கதவு உள்ளே வெறும் கூடு. ஸ்குரூ கடிப்பதற்கு அதற்குள் சதையில்லை. வீட்டுக் குளியலறையில் 4 பேர் மெதுவாகத் திறந்து மூடினால் அது பல வருடம் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் இது 600 பிள்ளைகள் படிக்கிற பாடசாலை. மேலே சொன்ன 20 கிலோ விசை இந்தக் கூட்டிலும் அதே இடத்தில்தான் இழுக்கும். அரைவாசி மர நிறைதான் என்று வைத்தாலும் தொங்குகிற பிள்ளையின் நிறை குறையப் போவதில்லை. மரத்தில் ஸ்குரூ ஓட்டை பெருத்தால் ஆப்பு அடித்துத் திருப்பிப் பூட்டலாம். பிளாஸ்டிக் கூடு கிழிந்தால் என்ன செய்வது? வெயில் நேரே விழுகிற மேற்குப் பக்கம் வேறு. சில வருடத்தில் மொறுமொறுத்துப் போகும். அப்போது இன்னொரு போஸ்டர், இன்னொரு தகடு.

நிலைகளைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை. அந்த 6 நிலைகளும் முதிரை. இன்றைக்கு முதிரை வாங்கப் போய் விலை கேட்டவர்களுக்குத் தெரியும் நான் என்ன சொல்கிறேன் என்று. கறையான் தின்னாத மரம், மலசலகூட ஈரத்தில் இவ்வளவு காலம் நின்றும் அடி இற்றுப்போகாத மரம். அதைப் பெயர்த்து எடுத்துவிட்டு பிளாஸ்டிக் நிலை வைப்பதற்குக் காசு சேர்க்கிறோம். பெயர்த்தெடுக்கும் முதிரை எங்கே போகும் என்று போஸ்டரில் எழுதியிருக்கவில்லை. கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

ஸதகா ஜாரியா என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. ஜாரியா என்றால் ஓடிக்கொண்டிருப்பது. இந்த மலசலகூடத்தையும் ஒருவர் அந்த நிய்யத்தில்தான் கட்டிக் கொடுத்தார், சுவரில் தகடு இன்னும் இருக்கிறது. அவர் கொடுத்த தர்மம் ஒரு ஸ்குரூ கழன்ற இடத்தில் நின்றுபோயிருக்கிறது. அதைத் திரும்ப ஓட வைக்கிறவருக்கு நன்மை இல்லையா? பாதையில் கிடக்கிற முள்ளை எடுத்துப் போடுவதைப் பற்றிய ஹதீஸை 3 ஆம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். முள்ளை எடுத்தவருக்குத் தகடு அடிக்க முடியாது என்பதுதான் நமது பிரச்சினை. திறப்பு விழாவுக்கு ரிபன் வெட்டலாம், ஸ்குரூ முடுக்கியதற்கு எதை வெட்டுவது?

இது அரசாங்கத்தின் வேலை என்று சொல்கிற காக்காமாருக்கு: ஆம், அரசாங்கத்தின் வேலைதான். வலயத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, போக வேண்டும், இன்னும் போகும். பதில் வருகிற வரைக்கும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டுமா? பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறது. பெற்றோர் நீங்களும் அதில் அங்கத்தவர்கள்தான். வருடாந்தக் கூட்டத்துக்கு வந்து ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனால் மட்டும் போதாது.

டீச்சர் பாடத்தை மட்டும் பார்க்கட்டும் என்று எழுதியவருக்கு: பாடம்தான் பார்க்கிறேன். 6 ஆம் தரம் தொடக்கம் செயன்முறையும் தொழினுட்பத் திறனும் என்று பாடவேளை இருக்கிறது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013 இல் வந்தது, நமது பிள்ளைகளும் அதில் படித்துப் பல்கலைக்கழகம் போகிறார்கள், மாஷா அல்லாஹ். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு பிணைச்சலைக் கழற்றிப் பூட்டியிருப்பார்கள்? ஓடாவி என்றால் நம் ஊரில் ஒரு காலத்தில் மரியாதை. இன்றைக்கு மகன் ஓடாவி வேலை பழகப் போகிறான் என்றால் வீட்டில் மையத்து விழுந்த மாதிரி. ஆனால் கத்தாருக்குப் போய் அதே வேலையைச் செய்தால் பெருமை. ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தங்கள் செருப்பைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள் என்று பயானில் கேட்டு ஸுப்ஹானல்லாஹ் சொல்கிற நாம், கதவு முனகினால் ஆள் தேடுகிறோம்.

ஒவ்வொரு கதவுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், பிறகு குறை மட்டும் சொன்னாள் என்று கதை வேண்டாம்.

1, 2, 4 க்கு: கதவைத் திறந்து அடியில் ஆப்பு வைத்து உயர்த்திப் பாரத்தைத் தாங்க வேண்டும். மேல் பிணைச்சலை நிலையிலிருந்து கழற்றி, பெருத்த ஓட்டைகளைத் துரு நீங்கத் துப்புரவாக்கி, கெட்டி மரக் குச்சிகளை ஈரத்துக்குத் தாங்கும் கம்மில் தோய்த்து இறுக அடித்து, மட்டமாக வெட்டிவிட வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் நெருப்புக்குச்சியை மருந்து நீக்கிப் பாவிப்பார்கள், உள்ளறைக் கதவுக்கு அது போதும், மலசலகூடத்துக்குக் கெட்டி மரம் நல்லது. ஒரு இரவு காய வேண்டும். மறுநாள் முதலில் மெல்லிய ஓட்டை போட்டு, பிறகு ஸ்குரூ. முதிரையில் ஓட்டை போடாமல் முடுக்கினால் ஸ்குரூவின் தலை முறிந்துவிடும். நடு ஓட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் 3 அங்குல ஸ்குரூ, அது பழைய ஓட்டையைத் தாண்டிப் புது மரத்தைப் பிடிக்கும். எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இல்லாவிட்டால் பித்தளை. முடுக்குவதற்கு முன் மெழுகுதிரியில் ஒரு தரம் தேய்த்துக்கொண்டால் கைக்கு இலகு.

சீவிக் கெடுத்த இடைவெளியைப் பிணைச்சல் மட்டும் மூடாது. சீவிய ஓரத்தில் மரப்பட்டி ஒன்றைக் கம் பூசி ஆணியடித்துச் சேர்க்க வேண்டும். கோடையில்தான் சேர்க்க வேண்டும், மாரிக்கு ஊதுவதற்கு 7, 8 மில்லிமீற்றர் விட்டு. அந்த இடைவெளியால் கண் போகாமல் இருக்க நிலையின் உட்பக்கம் ஒரு மறைப்புப் பட்டி.

3 ஆம் கதவு ஒரு வேடிக்கை. அதன் பிணைச்சல்கள் கல் மாதிரி இருக்கின்றன, ஆனால் கதவே சரிவகம் மாதிரி சாய்ந்திருக்கிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் காரணம் தெரியும். சாய்வுச் சட்டத்தைத் தலைகீழாக அடித்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் கால் கீழ்ப் பிணைச்சல் பக்கம் ஊன்றி, தலை பூட்டுப் பக்கம் மேலே போக வேண்டும். அப்போதுதான் கதவின் பாரத்தைத் தூண் மாதிரித் தாங்கி கீழ்ப் பிணைச்சலுக்கு இறக்கும். இங்கே கால் பூட்டுப் பக்கத்தில், தலை மேல் பிணைச்சல் பக்கத்தில். தாங்க வேண்டியது இழுபடுகிறது, ஆணி ஒவ்வொன்றாகக் கழல்கிறது. கதவைப் படுக்க வைத்து, மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரண்டு அளவும் சமனாகும் வரை நேராக்கி, சட்டத்தை மாற்றி அடித்தால் முடிந்தது.

5 ஆம் கதவு நிலத்தில் இழுபடுகிறது. பிணைச்சல் சரி, சட்டம் சரி. தரைக்குத் தைல்ஸ் பதித்தபோது நிலம் உயர்ந்துவிட்டது, கதவின் அடியை யாரும் குறைக்கவில்லை. 6 கதவுகளிலும் சீவ வேண்டியது இந்த ஒன்றின் அடியை மட்டும்தான். மாரியில் வந்தவர் அதைத்தான் சீவாமல் போயிருக்கிறார்.

6 ஆம் கதவு மட்டும் முடிந்துபோன கேஸ். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு இற்றுப்போயிருக்கிறது, ஸ்குரூ ட்ரைவர் முனை வெண்ணெயில் போவது மாதிரிப் போகிறது. தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று அடியில் தகரம் அடித்திருக்கிறார்கள். தகரத்துக்குப் பின்னால் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று மரத்தைத் தின்றிருக்கிறது. இன்னொன்று, எந்தக் கதவின் அடி ஓரத்துக்கும் பெயின்ட் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெயின்ட் அடிக்கிறவர்கள் விட்டுவிடுவார்கள். பலகையின் நுனிதான் மரம் தண்ணீர் குடிக்கிற வாய். முன்பக்கம் மூன்று கோட் அடித்துவிட்டு வாயைத் திறந்து வைத்தால் என்ன பிரயோசனம்? கழற்றுகிற கதவுகள் எல்லாவற்றுக்கும் அடியிலும் தலையிலும் பெயின்ட் அடித்துத்தான் திருப்பி மாட்ட வேண்டும்.

நிலைகளையும் கயிறு பிடித்துப் பார்த்தேன். 6 உம் சதுரமாகத்தான் நிற்கின்றன, மேல் மூலைகளிலிருந்து சுவரில் சாய்ந்த வெடிப்பு எதுவும் ஓடவில்லை. அப்படி வெடிப்பு இருந்திருந்தால் அது அத்திவாரத்தின் பிரச்சினை. மணல் நிலத்தில் அது நடக்கக்கூடியது. அப்போது ஸ்குரூவும் உதவாது, பிளாஸ்டிக் கதவும் உதவாது, பொறியியலாளரைத்தான் கூப்பிட வேண்டும். உங்கள் வீடுகளில் ஒரு கதவு திடீரென்று இறுகத் தொடங்கினால் சீவுளிக்கு முன் சுவரையும் ஒரு தரம் பாருங்கள்.

சேர்ந்திருக்கும் நிதியை என்ன செய்வது என்று குழு தீர்மானிக்கட்டும். என்னைக் கேட்டால், கொடுத்தவர்களிடம் சொல்லி, அனுமதி வாங்கி, தண்ணீர்த் தாங்கிக்கு இரண்டாவது குழாயும் உள்ளே மூடியுள்ள குப்பைத் தொட்டிகளும் வாங்கலாம். தகடு வேண்டும் என்று அடம்பிடிப்பவர் இருந்தால் தாங்கியில் அடிக்கட்டும், வாசிக்கவாவது முடியும்.

அதிபரிடம் பேசிவிட்டேன். வருகிற சனிக்கிழமை காலை 8 மணிக்கு மலசலகூடத் தொகுதி திறந்திருக்கும், ஞாயிறு காலையும் திறந்திருக்கும், ஏனென்றால் கம் காய ஒரு இரவு வேண்டும். 10 ஆம், 11 ஆம் தரப் பிள்ளைகள் வருகிறார்கள், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும். வேலை காட்டித்தர நம் ஊரில் மூத்த ஓடாவி ஒருவர் சம்மதித்திருக்கிறார், பெயர் போட வேண்டாம் என்றார். கூலி வேண்டாம் என்றும் சொன்னார், அது சரியில்லை, கொடுப்போம். ட்ரில் மெஷின் உள்ளவர்கள் ஒன்று கொண்டு வாருங்கள், நீளமான வயரும். ஸ்குரூவும் கம்மும் நான் வாங்கிவிட்டேன். பெயின்ட் அரை டின் இருக்கிறது, நிறம் கொஞ்சம் வித்தியாசம், பரவாயில்லை. 6 ஆம் கதவுக்குப் பலகை தேவை: 6 அடி 3 அங்குல நீளத்தில், எல்லாம் சேர்த்து 30 அங்குல அகலத்துக்கு. பழைய வீடு உடைத்தவர்கள் யாராவது முற்றத்தில் பலகை போட்டு வைத்திருந்தால், மழையில் நனையாத பலகையாக இருந்தால், வெள்ளிக்கிழமை அஸருக்கு முன் சொல்லுங்கள். ஏற்றி வர லேண்ட்மாஸ்டர் இருக்கிறது.